தட்டினால் பாடும் ரேடியோ!

பேரனின் கருவிப் பெட்டியில் என்னென்ன இருந்தன?

தாத்தாவின் ரேடியோவுக்கு ஒரு கெட்ட பழக்கம். நன்றாகப் பாடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஊமையாகிவிடும். உடனே தாத்தா அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடியும் பாடத் தொடங்கிவிடும்!

இப்படி ஒரு ரேடியோ, அல்லது ஒரு டெலிவிஷன், அநேக வீடுகளில் இருந்தது. எந்த இடத்தில், எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அன்று பாட்டுக் கிடையாது!

தட்டினால் ஏன் பாடுகிறது?

ரேடியோவுக்குள்ளே ஒரு பலகை இருக்கிறது. அதன் மேலே சின்னச் சின்ன உறுப்புகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கம்பிக் கால்கள் பலகையில் உள்ள துளை வழியாகக் கீழே இறங்கும். அடிப்பக்கத்தில் அந்தக் கால்களை ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். ஒரு ரேடியோவில் இப்படி நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள் இருக்கும்.

அவற்றில் ஒரே ஒரு பொட்டு விரிந்துவிட்டால் போதும். மின்சாரம் அந்த இடத்தைத் தாண்டாது. ரேடியோ ஊமை! ஓங்கித் தட்டும்போது அதிர்ச்சியில் விரிசல் ஒட்டிக்கொள்கிறது. பாட்டு வருகிறது. சிறிது நேரத்தில் மீண்டும் விலகுகிறது. மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர், "டிரை சால்டர்".

தட்டியே காலம் தள்ளலாமே என்று நினைக்கலாம். தள்ளலாம்தான். ஆனால் மின்சாரம் அதிகமாக ஓடும் இடத்தில் இந்த விரிசல் விழுந்தால், ஒட்டி ஒட்டி விலகும்போது தீப்பொறி பறக்கும். அந்த இடம் சூடேறும். நாளடைவில் பலகை கருகிப்போகும். பிறகு எவ்வளவு தட்டியும் பயன் இல்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த பேரன், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அது பாட்டியின் பழைய முறுக்கு டின்!

"ஓடுகிற ரேடியோவைக் கெடுத்துவிடாதேடா" என்றார் தாத்தா.

"அது எங்கே ஓடுகிறது, தாத்தா? நீங்கள் அல்லவா ஓட்டுகிறீர்கள்!" என்றான் பேரன்.

முதல் கருவி ஒரு குச்சி!

முறுக்கு டின்னிலிருந்து முதலில் வெளியே வந்தது என்ன? மீட்டரா? இல்லை. சூட்டுக் கோலா? அதுவும் இல்லை. ஐஸ்கிரீம் தின்றுவிட்டு எறியும் மரக்குச்சி!

தாத்தா பெட்டி முழுவதையும் தட்டுகிறார். பேரனும் தட்டத்தான் போகிறான். ஆனால் உள்ளே இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாக, மெதுவாகத் தட்டுவான். எதைத் தொட்டால் பாட்டு கரகரக்கிறதோ, அங்கேதான் வியாதி! பெரிய மெக்கானிக்குகளும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். குச்சி காய்ந்த மரமாக அல்லது பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். இரும்பு ஆணியால் தட்டினால் இரண்டு கம்பிகள் சேர்ந்து, நல்ல உறுப்பும் கெட்டுவிடும்.

இதற்கு ரேடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, உள்ளே 230 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அதனால் பேரன் தன் இடது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலில் ரப்பர் செருப்பு.

"இது என்னடா ஸ்டைல்?" என்று கேட்டாள் பாட்டி.

ஸ்டைல் அல்ல, பாதுகாப்பு! இரண்டு கைகளும் உள்ளே இருந்தால், மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கக்கூடும். அந்த வழியில்தான் இருதயம் இருக்கிறது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. இருந்தாலும், தொழில் தெரியாதவர்கள் ஓடுகிற பெட்டிக்குள் கையை விடவே கூடாது. பழக்கப்பட்டவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

நாலைந்து தட்டிலேயே இடம் தெரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பலகையைத் திருப்பினான். தாத்தா பத்திரிகை படிக்கும் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி உற்றுப் பார்த்தான். ஒரு ஈயப் பொட்டைச் சுற்றி, தலைமயிர் போல மெல்லிய கறுப்பு வட்டம். அதுதான் திருடன்!

ஈயம் பூசுவது போலத்தான்!

அடுத்து வந்தது சால்டரிங் அயர்ன். பேனா போலப் பிடித்துக்கொள்ளலாம். நுனியில் நெருப்பு. இந்த வேலைக்கு 25 வாட் போதும். நுனியின் சூடு சுமார் 350 டிகிரி வரை ஏறும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பதை நினைத்துக்கொண்டால், இதை ஏன் குழந்தைகள் கிட்டே வைக்கக்கூடாது என்பது புரியும். சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று பார்த்தால் தெரியாது. அதனால் அதற்கென்று ஒரு ஸ்டாண்டு அவசியம்.

முன்பெல்லாம் இந்தக் கோலைக் கரி அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே ஆறிவிடும்! ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் 1921-ல் ஒரு கம்பெனி தொடங்கி, மின்சாரத்தால் சூடேறும் கோல்களைத் தயாரித்தார். அதன்பின் அடுப்பு வேண்டியதில்லை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பாட்டி பார்த்திருக்கிறாள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, ஈயத்தைத் தேய்ப்பார்கள். ரேடியோவிலும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். நவச்சாரத்தை மட்டும் இங்கே போடக்கூடாது. மெல்லிய கம்பிகளை அது அரித்துவிடும். அதற்குப் பதிலாக பைன் மரத்துப் பிசின்! ரோசின் என்பார்கள். வயலின் வித்வான்கள் வில்லுக்குத் தேய்ப்பதும் இதே பிசின்தான். பற்றவைக்கும் ஈயக் கம்பியின் நடுவிலேயே இந்தப் பிசினை அடைத்து விற்கிறார்கள்.

அந்தக் கம்பியிலும் ஒரு விந்தை உண்டு. அது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. வெள்ளீயம் 60 பங்கு. காரீயம் 40 பங்கு. வெள்ளீயம் தனியாக உருகவேண்டுமானால் 232 டிகிரி வேண்டும். காரீயத்துக்கு 327 டிகிரி. இரண்டையும் கலந்தால்? 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது! தனித்தனியே முரண்டு பிடிப்பவை, கூடினால் இளகிவிடுகின்றன.

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு என்ன தெரியுமா? ஈயத்தைக் கோலின் நுனியில் உருக்கி, கொண்டுபோய் அப்புவார்கள். அது வெளியே ஒட்டினாற்போலத் தெரியும். உள்ளே பிடித்திருக்காது. முதலில் கம்பிக் காலையும் பலகையையும் சேர்த்துச் சூடாக்கவேண்டும். பிறகு ஈயத்தை அங்கே தொடவேண்டும். அது தண்ணீர் போலத் தானே பரவும். இரண்டு மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடும். நல்ல பொட்டு கோபுரம் போலச் சரிந்து, பளபளவென்று இருக்கும். சீடை போல உருண்டு நின்றால் மறுபடி செய்யவேண்டியதுதான்!

பேரன் பழைய ஈயத்தை உருக்கினான். "சக்கர்" என்னும் உறிஞ்சு குழாயை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினான். "டக்" என்று உறிஞ்சிக்கொண்டது. புது ஈயம் வைத்தான். தீர்ந்தது.

ஆனால் இன்னும் பிளக்கைச் செருகவில்லை!

மூன்று கருவி சுமந்த என்ஜினீயர்

பெட்டியின் மூலையிலிருந்து மஞ்சள் நிற மீட்டர் ஒன்று வந்தது. மல்டிமீட்டர். சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த மீட்டர்தான் கண்!

இது பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் டெலிபோனும் தந்தியும் ஒரு காலத்தில் தபால் இலாகாவின் பொறுப்பில் இருந்தன. அங்கே டொனால்ட் மெக்காடி என்று ஒரு என்ஜினீயர் இருந்தார். லைன்களைச் சோதிக்கப் போகும்போது அவர் பல கருவிகளைச் சுமக்கவேண்டும். ஆம்பியர் பார்க்க ஒன்று. வோல்ட் பார்க்க ஒன்று. ஓம் பார்க்க இன்னொன்று. சுமந்து சுமந்து அலுத்துப்போனார். "எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. அடைத்தார்! 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்று பெயர்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து "ஏவோ" மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்த வம்சம் 2008 வரை தயாராகி வந்தது. முள் ஆடும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பழைய ரேடியோக் கடைகளில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இன்று எண் காட்டும் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இதில் பேரனுக்குப் பிரியமானது, "பீப்" என்று ஒலி எழுப்பும் சோதனை. கரண்டை நிறுத்திவிட்டு, இரண்டு முனைகளில் வயரை வைக்கவேண்டும். வழி இருந்தால் "பீப்" என்று கத்தும். அறுந்திருந்தால் மௌனம். புதிதாக வைத்த ஈயப் பொட்டின் இரு பக்கமும் வைத்தான். "பீப்!"

இந்தக் கண் சில சமயம் எமனாகவும் ஆவதுண்டு. மீட்டரில் சிவப்பு வயரைச் செருக இரண்டு மூன்று துளைகள் இருக்கும். ஒன்று வோல்ட் பார்க்க. மற்றொன்று 10 ஆம்பியர் வரை கரண்ட் பார்க்க. கரண்ட் பார்த்துவிட்டு, வயரை அதே துளையில் மறந்து விட்டுவிட்டால்? அடுத்த நாள் அப்படியே சுவர் பிளக்கில் வோல்ட் பார்க்கப் போனால்? இரண்டு கம்பியையும் நேராகச் சேர்த்ததற்குச் சமம்! மீட்டர் வெடிக்கும். கையும் முகமும் கருகும். மலிவான மீட்டர் பலவற்றில் அந்தத் துளைக்குப் பியூஸ் கூடக் கிடையாது. அதைப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள்?

பேரன் அந்த 10 ஆம்பியர் துளையை ஒரு துண்டு டேப் ஒட்டி மூடிவைத்திருந்தான். தேவைப்படும்போது மட்டும் பிரிப்பான். டேப்பின் விலை சில காசுகள்தான்!

பலகையில் தேங்கி நிற்கும் கரண்டையும் மறக்கக்கூடாது. கண்டென்சர் என்னும் உறுப்பு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வைத்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் உள்ள கண்டென்சரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பொழுதுபோக்குக்காக அதைத் திறப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

குண்டு பல்பு எதற்கு?

கடைசியாகப் பேரன் எடுத்தது ஒரு சிறு மரப்பலகை. அதில் ஒரு பிளக் பாயிண்ட். பக்கத்தில் ஒரு குண்டு பல்பு. இதற்குப் பெயர் "சீரிஸ் லாம்ப்". கரண்ட் முதலில் பல்புக்குள் நுழைந்து, பிறகுதான் ரேடியோவுக்குப் போகும்.

ரேடியோவில் எங்காவது ஷார்ட் இருந்தால், பல்பு பிரகாசமாக எரியும். அவ்வளவுதான். பியூஸ் போகாது, ரேடியோ கருகாது. எல்லாம் சரியாக இருந்தால், சின்ன ரேடியோ இழுக்கும் கரண்டுக்குப் பல்பு எரிந்ததாகவே தெரியாது. பழுது பார்த்த பெட்டிக்கு முதல் கரண்ட் இந்த வழியாகத்தான் கொடுக்கவேண்டும். ஆனால் இது ஷாக்கைத் தடுக்கும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. தொட்டால் அடிக்கும்!

இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. உள்ளே இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். கடைகளில் அது குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே, வீட்டில் மிஞ்சிய 60 வாட் பல்புகளைப் பேரன் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறான். பாட்டி நகையைக்கூட இப்படிச் சுற்றி வைத்ததில்லை!

ரொட்டிப் பலகை!

ரிப்பேர் மட்டும் செய்தால் போதுமா? சொந்தமாக ஒன்று செய்துபார்க்க ஆசை வரும். அதற்கு உள்ள பலகைக்குப் பெயர் "பிரெட்போர்டு". ரொட்டி நறுக்கும் பலகை என்று அர்த்தம். வேடிக்கை அல்ல, நிஜம்! ரேடியோ புதிதாக வந்த காலத்தில், அமெரிக்க இளைஞர்கள் சமையலறையிலிருந்து ரொட்டிப் பலகையை எடுத்துவந்து, அதில் ஆணி அடித்துக் கம்பிகளைக் கட்டினார்கள். பெயர் நிலைத்துவிட்டது. 1971-ல் ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர், பிளாஸ்டிக் பலகையில் வரிசையாகத் துளைகள் வைத்த ஒரு வடிவத்துக்கு அமெரிக்காவில் உரிமை கேட்டு மனுச் செய்தார். இன்று மாணவர்கள் கையில் இருப்பது அந்த மாதிரிதான். உறுப்பைச் செருகலாம், பிடுங்கலாம், ஈயமே வேண்டாம்.

மற்றபடி ஒரு கட்டிங் பிளேயர், ஒரு மூக்குக் குறடு, இரண்டு மூன்று திருப்புளி, ஒரு சிமிட்டா. இப்போது வரும் உறுப்புகள் சில, ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம்தான். கடுகைக் கையால் எடுக்கலாம். இதை எடுக்க முடியாது! மின் அலையைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பும் உண்டு. விலை அதிகம். ஆரம்பத்தில் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலை அருகே உள்ள ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் இவையெல்லாம் கிடைக்கும். கையில் பட்டியல் இல்லாமல் நுழைகிறவர்கள், பர்ஸைக் காலி செய்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ரேடியோவை மூடித் திருகுகளை முடுக்கினான் பேரன். பாட்டு வந்தது. ஒரு மணி ஆயிற்று. நிற்கவில்லை. தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கை மட்டும் அடிக்கடி மேலே போய், தட்டாமல் திரும்பி வந்தது.

பேரன் கொல்லைப்புறம் போய், சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினான். காரீயம் விஷம். விரலில் ஒட்டியது வாய்க்குள் போகக்கூடாது. வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைத்ததும் இதுபோன்ற காரணத்துக்குத்தான். பிசின் புகை மூச்சுக்கு ஆகாது. 2006 முதல் ஐரோப்பிய நாடுகளில் விற்கும் அநேக எலக்ட்ரானிக்ஸ் சாமான்களில் காரீயத்துக்குத் தடை உண்டு. காரீயம் இல்லாத கம்பியும் கடையில் கிடைக்கிறது. அது உருக இன்னும் 35 டிகிரி போல அதிகச் சூடு வேண்டும். பழகவும் கொஞ்சம் கடினம்.

"சரி, வேலை முடிந்ததல்லவா? என் முறுக்கு டின்னைக் கொடு" என்றாள் பாட்டி.

"ஈயம் பட்ட டின், பாட்டி. இனிமேல் இதில் தின்பண்டம் வைக்கக்கூடாது" என்றான் பேரன். "உனக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன்."

"முறுக்குக் கேட்டுக்கொண்டு வருவாய் அல்லவா, அப்போது பேசிக்கொள்கிறேன்!" என்றாள் பாட்டி.