கோளாய்வும் சுயாதீனப் பொறிகளும்: உழைப்பு நோக்கில் ஒரு குறிப்பு

மனிதன் இன்னும் காலடி வைக்காத கோள்களில் இயங்கும் பொறிகள் தாமாகவே சிந்திக்கின்றன என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை நோக்குவதே இக்குறிப்பின் நோக்கமாகும்.

1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் சந்திரனில் இறக்கிய லூனகோட் 1 என்னும் ஊர்தியைப் பூமியிலிருந்த ஐவர் கொண்ட குழுவொன்று படங்களைப் பார்த்துச் செலுத்திற்று. சமிக்ஞை போய்த் திரும்ப மூன்று வினாடிக்கும் குறைவான நேரமே எடுத்தமையால் இது சாத்தியமாயிற்று. செவ்வாயின் நிலை வேறு. சமிக்ஞை ஒரு வழி செல்வதற்கு மாத்திரம் ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் வரை எடுக்கும். பள்ளமொன்றைப் படத்திற் கண்டு நிற்குமாறு கட்டளையிடுவதற்குள் ஊர்தி அதனுள் வீழ்ந்துவிடலாம். எனவே, பொறியின் சுயாதீனம் தூரமென்னும் பௌதிக நிலைமை தோற்றுவித்த தேவையாகும்.

1997இல் செவ்வாயில் இயங்கிய சோஜேர்னர், எதிர்ப்பட்ட தடைகளைத் தானே விலக்கிச் செல்லும் எளிய ஆற்றலைப் பெற்றிருந்தது. 2021 பெப்ரவரியில் இறங்கிய பேர்சிவரன்ஸ், கீழே தெரிந்த நிலத்தைத் தன்னிடமிருந்த வரைபடத்துடன் ஒப்பிட்டு ஆபத்தற்ற இடத்தைத் தெரிந்துகொண்டது. முதற் செவ்வாய் ஆண்டில் அது கடந்த 17.7 கிலோமீற்றரில் 88 சதவீதம் தன்வழிகாட்டல் முறையின் துணையுடன் கடக்கப்பட்டதாகும்.

செலுத்துதலுடன் இவ்வளர்ச்சி நின்றுவிடவில்லை. 2016 முதல் கியூரியோசிற்றி ஊர்தி, தான் எடுத்த படங்களிற் பாறைகளை இனங்கண்டு, லேசர்க் கதிரால் ஆராயவேண்டியவற்றைத் தானே தெரிவுசெய்து வருகின்றது. ஆயின், எத்தகைய பாறை முதன்மையானது என்பதற்கான அளவுகோலை வகுப்போர் விஞ்ஞானிகளே. தெரிவு பொறியினது, தெரிவின் நோக்கம் மனிதருடையது. 1857-58இல் எழுதிய குறிப்புகளில் மார்க்ஸ் இயந்திரத்தைப் பொருளுருப் பெற்ற சமூக அறிவாகக் கண்டார். கோளாய்வுப் பொறிகள் இக்கருத்துக்குத் தக்க சான்றாகின்றன.

அவ்வறிவுக்குப் பின்னால் உயிருள்ள உழைப்பு உண்டு. செவ்வாயின் பகற்பொழுதும் இரவும் சேர்ந்த நாள், பூமியின் நாளிலும் ஏறத்தாழ 40 நிமிடம் நீண்டது. ஊர்திகள் இறங்கிய தொடக்க காலங்களில், பூமியிலிருந்த பணியாளர் தம் உறக்கத்தையும் விழிப்பையும் அந்நாளுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். மேற்கூறிய செவ்வாய் ஊர்திகளை உருவாக்கிய கலிபோர்னியாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடமோ, 2024 பெப்ரவரியில் நிதி ஒதுக்கீட்டு நிச்சயமின்மையைக் காட்டி ஏறத்தாழ 530 ஊழியரை, அதாவது எட்டுச் சதவீதமானோரை, பணிநீக்கஞ் செய்தது. அவர்களின் வேலையைப் பறித்தது பொறியன்று. நிதியை எதற்கு வழங்குவதென்னும் அரசியல் தீர்மானமே.

பொறி எவ்வளவு சுயாதீனமானது என்ற வினாவோடு நாம் அமைந்துவிடலாகாது. அதனுள் உறைந்துள்ள அறிவுக்கு உரியவர் யார், அதன் நோக்கங்களைத் தீர்மானிப்போர் யார் என்பனவும் விஞ்ஞானம் பற்றிய வினாக்களேயாகும்.