முதலைத் தொடாமல் வட்டி தரும் மரம்

குழந்தைகளே! மைசூரு தேவராஜ மொஹல்லாவின் கடைவீதிகளில் முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வகைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கடைகளில் இவற்றுடன் கிடைக்கும் இன்னொன்று பிரேசில் கொட்டை. இது தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டிலிருந்து வருகிறது. நம் சிவாலயங்களில் பூக்கும் நாகலிங்க மரமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இம்மரம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் வளரும். நாகலிங்கக் காயைப் போலவே இதன் காயும் உருண்டையானது. 2 கிலோ வரை எடையுள்ளது. தேங்காய் ஓட்டைவிடக் கடினமானது. அதனுள் 10 முதல் 25 கொட்டைகள், ஆரஞ்சுச் சுளைகளைப்போல் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பூ காயாகி முதிர ஓராண்டுக்கும் மேலாகும். முதிர்ந்த காய் மழைக்காலத்தில் தானே உதிரும். தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, காற்று பலமாக வீசும்போது மக்கள் மரத்தடிக்குச் செல்வதில்லை.

இம்மரம் தனித்து வாழ இயலாதது. இதன் பூவின் மகரந்தத்தை இறுக்கமான மூடியொன்று மறைத்திருக்கிறது. அம்மூடியைத் தூக்கி உள்ளே நுழையும் வலிமை பெரிய காட்டுத் தேனீக்களுக்கே உண்டு. கடின ஓட்டைக் கடித்துத் திறப்பது அகூட்டி என்னும் கொறிவிலங்கு. அது சில கொட்டைகளைத் தின்றுவிட்டு, மீதியைப் பின்னாளுக்கென மண்ணில் புதைத்துச் சேமிக்கும். அது மறந்துவிட்ட சேமிப்பே புதிய மரக்கன்றாக முளைக்கிறது!

பிரேசில் கொட்டைகளில் பெரும்பகுதி தோட்டங்களில் விளைவதன்று. இயற்கையான காட்டில் பொறுக்கப்படுவது. பிரேசில், பொலிவியா, பெரு நாடுகளில் பல குடும்பங்கள் இவ்வருவாயை நம்பி வாழ்கின்றன. பிரேசிலில் இம்மரத்தை வெட்டுவதற்குச் சட்டத் தடை உள்ளது. எனினும், சுற்றியுள்ள காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிவிட்டால், தேனீயும் அகூட்டியும் அகன்றுவிடும். மரம் நின்றாலும் காய்ப்புக் குன்றும், கன்றும் முளைக்காது.

வங்கியில் முதல் இருக்கும்வரை வட்டி வரும் அல்லவா? இங்கே காடுதான் முதல். கொட்டைகள் அதன் வட்டி. முதலைக் கரைத்துவிட்டால் வட்டிக்கு வழியேது?

ஒரு குறிப்பு: இக்கொட்டையில் செலினியம் என்னும் சத்து மிக அதிகம். அளவு மீறினால் அதுவே தீங்காகும். எனவே, ஒரு நாளைக்கு ஒன்றே போதும்.