577 மைல் நடை... 87 மேடை! யார் இந்த அம்மையார்?

தறிச் சத்தத்தை மிஞ்சும் குரல். மைக்கைக் கண்டால் மட்டும் ஏன் கூச்சம்?

திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். ஊருக்குள் நுழைந்தால் "தடக்... தடக்..." என்று தறிச் சத்தம். அதை மிஞ்சித்தான் பெண்கள் பேச வேண்டும். தமிழ், தெலுங்கு இரண்டும் புழங்கும் பக்கம் இது. சேலைக் கூலியா, குழாயில் தண்ணீர் வரலையா, எதுவானாலும் விடமாட்டார்கள். ஆனால் கூட்டத்தில் மைக்கை நீட்டினால், "எனக்கு வேணாம்ப்பா" என்று ஒதுங்குபவர்கள்தான் அதிகம். இந்த ஊரில் மட்டுமா? எல்லா ஊரிலும் இதே கதைதான்!

மனுவில் இருக்கும் பெயர்

அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம். அதன் முழுப்பெயரில் இருப்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பணம் வாங்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "பேரு தெரியும் சார், ஆளு தெரியாது" என்பார்.

1883-ல் பிறந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராக மேடை ஏறியவர். அந்தக் குலத்திலேயே வளர்ந்து, அதை எதிர்த்துப் பேசினால் சும்மா விடுவார்களா? எதிர்ப்பு பலமாக இருந்தது. அம்மையார் வாயை மூடவில்லை.

1938-ல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகக் கிளம்பியது. 42 நாள், 577 மைல், வழியில் 87 பொதுக்கூட்டம். அந்தப் படையில் போன ஒரே பெண் இவர்தான். வயது 55! அதே ஆண்டு மறியலில் கைதாகி, 6 வாரம் சிறையிலும் இருந்தார்.

இன்று பேச்சே தொழில்

அன்று மேடை ஏறிய பெண்ணுக்குக் கிடைத்தது ஏச்சும் சிறையும். இன்றோ பேசுவதற்குப் பொன்னாடை, சன்மானம், போக வரச் செலவு! பொங்கல், தீபாவளி என்றால் டி.வி. பட்டிமன்றத்தில் சாலமன் பாப்பையா நடுவர். ராஜாவுக்கு எதிரணியில் பாரதி பாஸ்கர். இவர் வங்கி வேலை பார்த்துக்கொண்டே மேடையையும் பிடித்தவர். பர்வீன் சுல்தானா கல்லூரிப் பேராசிரியை. அவர் பேச்சுக்கும் கூட்டம் கூடுகிறது.

பக்கத்திலேயே மேடை

பட்டிமன்றத்துக்கு யாராவது அழைக்க வேண்டும். கிராம சபைக்கு அழைப்பே வேண்டாம். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து கேள்வி கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாள்தான். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டமும் வந்தாச்சு. ஆனால் நாற்காலியில் மனைவி, பேசுவது கணவர் என்ற கூத்து பல ஊரில் நடந்ததுண்டு.

குழாயடியில் கேட்கிற அதே கேள்வியை அங்கே கேட்டு, தீர்மானமாக நிறைவேறினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அதிகாரியிடமே பதில் கேட்கலாம்.

577 மைல் நடக்க வேண்டாம். ஊராட்சி அலுவலகம் நாலு தெரு தள்ளித்தானே!