தள்ளாட்டமெல்லாம் குடியல்ல

நாக்பூரில் என் மைத்துனர் தள்ளாடி நடந்தபோது, "குடிக்கிறார்" என்றே அண்டை அயலார் முடிவு கட்டினார்கள். கோளாறு சிறுமூளையில். எஞ்சினில் சக்தி இருந்தும் பிரேக்கும் ரெகுலேட்டரும் ஒத்துழைக்காத நிலை அது.

இதற்குப் பொது மருந்து கிடையாது; காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை. வைட்டமின் ஈ குறைவால் வந்தால் அந்த வைட்டமினே மருந்து. விட்டுவிட்டு வரும் ஒரு பரம்பரை வகைக்கு அசிட்டசோலமைடு பலருக்கு உதவுகிறது. ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியாவுக்கு 2023இல் அமெரிக்கா ஒமாவெலாக்சோலோனை அனுமதித்தது. அது நோயை அறவே போக்காது.

மைத்துனருக்கோ, வலிப்புக்காகச் சாப்பிட்ட ஃபெனிடாயினே உடலில் மிகுந்திருந்தது. ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் அளவைக் குறைத்தார், நடை சீரானது. தாமாக நிறுத்தியிருந்தால் வலிப்பு திரும்பும் அபாயம் உண்டு.

அன்பர்களே, தள்ளாடுபவரைப் பழிக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். திடீரென்று வந்த தள்ளாட்டமென்றால் அன்றே, அப்போதே.