25 மணிக்கு வரும் பஸ்

ஒரு நாளைக்கு எத்தனை மணி என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பையன்கூட "இருபத்து நாலு" என்று சட்டென்று சொல்லிவிடுவான். ஆனால் உலகத்தில் எத்தனையோ ஊர்களின் பஸ் கணக்கில், வண்டி 25 மணி 10 நிமிஷத்துக்கு வந்து நிற்கிறது! அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக யோசித்துத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கும், வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் நடத்தும் பெண்களுக்கும் உபயோகமான ஒரு பாடம் இருக்கிறது.

அதைச் சொல்லுமுன் என் தாயாரின் சலவைக் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீள வாட்டில் தைத்த நோட்டு அது. தேதி, வேட்டி, புடவை, சட்டை, துண்டு என்று கட்டம் போட்டிருக்கும். போட்டது எத்தனை, வந்தது எத்தனை என்று இரண்டு வரிசை. சலவைக்காரர் எந்தத் துறையில் வெளுக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எத்தனை பீரோ என்று அவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் நோட்டு இருந்தது. இரண்டு பேருக்கும் அது புரிந்தது. வருஷக்கணக்காகச் சண்டை இல்லை.

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த நோட்டுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். 'அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' என்பது அதன் முழு நாமதேயம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்று இரு தரப்பும் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். செல்போனில் நீங்கள் பணம் அனுப்பும்போது அது பாங்கோடு பேசுகிறதே, அது இத்தகைய ஏற்பாட்டின் பேரில்தான்.

நோட்டு நன்றாக அமைந்தால் வியாபாரம் தானே ஓடும். கோணலாக அமைந்தால் என்ன ஆகும்? என் சிநேகிதியைக் கேளுங்கள்.

திரும்பி வந்த காரியர்கள்

சிநேகிதி மேற்கு மாம்பலத்தில் காரியர் சாப்பாடு அனுப்புகிறாள். ஏழு பெண்கள் அந்த அடுக்களையை நம்பிப் பிழைக்கிறார்கள். இரண்டு ஆபீஸ்களும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும், "எங்கள் செயலியிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் வந்துவிட வேண்டும், போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது" என்றன. சிநேகிதி தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து ஒரு கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தாள்.

எட்டு மாதம் ஆயிற்று. நாற்பது வசதிகளோடு ஏபிஐ வந்து சேர்ந்தது. உப்பு, காரம் குறைக்கலாம். நட்சத்திரக் குறி போடலாம். பிறந்த நாள் வாழ்த்துகூட அனுப்பலாம். எல்லாம் பிரமாதம்! முதல் ஏகாதசி வந்தது. அன்று 31 காரியர்கள் தொட்டபடியே திரும்பி வந்தன.

என்ன காரணம்? "இன்று சாப்பாடு வேண்டாம்" என்று சொல்ல அந்த ஏபிஐயில் வழியே இல்லை! காரியர் வியாபாரத்தில் அதிகமாகப் புழங்கும் வார்த்தையே அதுதான். காலையில் போன் எடுக்கும் பெண்ணைக் கேட்டிருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஓர் ஆபீஸ் கழன்றுகொண்டது.

சிநேகிதியின் மருமகள் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவள். அன்று மாலை அவள் சொன்னாள்: "அத்தை, இதில் கம்ப்யூட்டர் தப்பு ஒன்றும் இல்லை. கதவை வைத்துவிட்டு யார் வரப் போகிறார்கள் என்று பின்னால் யோசித்தோம். போர்ட்லண்டில் ஓர் அம்மாள் இதைத் தலைகீழாகச் செய்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்."

ஓர் அம்மாளின் எரிச்சல்

அமெரிக்காவில் ஓரிகன் ராஜ்யத்தில் உள்ள நகரம் போர்ட்லண்ட். அங்கே பஸ்ஸும் ரெயிலும் விடும் ஸ்தாபனத்துக்கு 'டிரைமெட்' என்று பெயர். அதில் கம்ப்யூட்டர் பிரிவில் மானேஜராக இருந்தவர் பிபியானா மக்ஹியூ என்ற பெண்மணி. 2005-ல் அவருக்கு ஓர் எரிச்சல் உண்டாயிற்று. காரில் போகிறவனுக்கு இன்டர்நெட்டில் ஒரு நொடியில் வழி கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவனுக்கோ ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த பஸ் ஸ்தாபனத்தின் தகவலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கார் வாங்க வசதியில்லாதவர்களும், கார் ஓட்ட முடியாத முதியவர்களும் என்ன பாவம் செய்தார்கள்?

அந்த அம்மாள் வரைபடக் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டார். கூகிள் பதில் கொடுத்தது. அங்கே கிறிஸ் ஹாரெல்சன் என்ற இளைஞர் இதே யோசனையில் ஈடுபட்டிருந்தார். பஸ்ஸை அறிந்தவரும் நிரலை அறிந்தவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். டிரைமெட்டின் கால அட்டவணை கையில் இருந்தது. அதையே எளிய எழுத்துக் கோப்புகளாக வைத்துக்கொண்டார்கள். நிறுத்தங்கள் ஒரு கோப்பு. தடங்கள் ஒரு கோப்பு. நடைகள் ஒரு கோப்பு. எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி என்பது ஒன்று. எந்தக் கிழமை ஓடும் என்பது ஒன்று. எல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்த வரிகள். கணக்கு அட்டவணை போடத் தெரிந்த குமாஸ்தாவே திறந்து பார்த்துத் திருத்திவிடலாம். அதற்காகத்தான் அந்த வடிவம்!

உலகம் முழுவதையும் ஒரே நாளில் வளைத்துப் போட அவர்கள் முயலவில்லை. 2005 டிசம்பரில் போர்ட்லண்ட் என்ற ஒரே ஊரோடு சேவை ஆரம்பமாயிற்று. அது ஓடுகிறது என்று கண்ட பிறகு, 2006-ல் சியாட்டில், பிட்ஸ்பர்க், ஹொனலூலு, டாம்பா, யூஜீன் ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்தன. அந்த எழுத்து வடிவத்தையும் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். அதற்கு இன்று 'ஜிடிஎஃப்எஸ்' என்று பெயர். கண்டிப்பாகப் பேசுகிறவர்கள் இதை ஏபிஐ என்று சொல்லாமல் தரவு வடிவம் என்பார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் நோட்டு என்ற அளவில் இரண்டும் ஒரே ஜாதி.

25 மணி ஏன்?

இப்போது நம் 25 மணிக்கு வருவோம். சனிக்கிழமை இரவு புறப்படும் கடைசி பஸ் நள்ளிரவு தாண்டி ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு நிறுத்தத்துக்கு வருகிறது. காலண்டர்படி அது ஞாயிறு. ஆனால் பஸ் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டிப்போ குமாஸ்தாவுக்கும் அது சனிக்கிழமை வேலைதான், சனிக்கிழமைச் சம்பளம்தான். கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் உட்கார்ந்து தீர்மானித்திருந்தால், "24-க்கு மேல் மணி கிடையாது" என்று சாதித்திருப்பார்கள். பிறகு பஸ் ஸ்தாபனங்கள் நள்ளிரவு வண்டிகளை எல்லாம் இரண்டாக வெட்டி ஒட்டித் திண்டாடியிருக்கும். இங்கே தொழிலின் பாஷைக்குக் கம்ப்யூட்டர் இறங்கி வந்தது. சனிக்கிழமை 25:10 என்றே எழுதலாம் என்று விதி செய்தார்கள். வியாபாரத்துக்கு இணக்கமான ஏபிஐ என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சில நல்ல விதிகளும் உண்டு. தயாரிப்பவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். வாசிப்பவருக்கும் சுலபமாக இருக்க வேண்டும். புதிதாக ஏதாவது சேர்த்தால் பழைய நோட்டுகள் செல்லாமல் போகக்கூடாது. "என்றைக்காவது உதவும்" என்று இன்றே எதையும் திணிக்கக்கூடாது. முதலில் அந்த வடிவத்தின் பெயரில் 'கூகிள்' என்ற சொல் இருந்தது. அது ஒரு கம்பெனியின் சொத்து என்று மற்றவர்கள் தயங்கலாம் அல்லவா? பின்னால் அதை எடுத்துவிட்டு, 'பொது' என்று பொருள்படும் 'ஜெனரல்' என்ற சொல்லைப் போட்டார்கள். நம் பக்கத்தில் கொச்சி மெட்ரோ 2018-ல் தன் கால அட்டவணையை இந்த வடிவத்தில் வெளியிட்டது.

எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிக்கலான கட்டண முறைகளுக்கு ஆரம்ப வடிவம் போதவில்லை. பல வருஷம் பேசி, 2022-ல்தான் புதிய கட்டண முறையின் முதல் பகுதி சேர்ந்தது. அது வரும்வரை பஸ் நேரம் சொல்வது நின்றுவிடவில்லை.

மெலிந்த முறை

"வேண்டியதை, வேண்டியபோது, வேண்டிய அளவு" என்பது ஜப்பானில் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் பிறந்த சித்தாந்தம். டாய்ச்சி ஓனோ என்ற எஞ்சினீயர் அதை வளர்த்தவர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள் தட்டிலிருந்து எடுத்த அளவுக்கே கடைக்காரர் மீண்டும் நிரப்புகிறார் என்பதைப் பார்த்து, அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். 1988-ல் ஜான் கிராஃப்சிக் ஒரு கட்டுரையில் இதற்கு 'லீன்' என்று பெயர் சூட்டினார். மெலிந்தது என்று அர்த்தம். வீண் சதை கிடையாது, அவ்வளவுதான். வருகிற தலையை எண்ணி அரிசி களையும் நம் பாட்டிமார்களுக்கு இது புதிது அல்ல!

கூடத்தில் ஒரு மகாநாடு

மறு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்தாயிற்று. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. துண்டுக் காகிதமும் பென்சிலும்தான். தலைமைச் சமையல்கார அம்மாள், போன் எடுக்கும் பெண், காரியர் கொண்டுபோகும் பையன், மீதி இருந்த ஆபீஸிலிருந்து ஒருவர், குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மருமகள் கேட்ட கேள்விகள் நாலே நாலு. இந்த வாசலுக்கு யார் வருகிறார்கள்? எதற்காக வருகிறார்கள்? என்ன பதில் கிடைத்தால் அவர்கள் காரியம் முடியும்? அதனால் நமக்கு என்ன லாபம்?

"வேண்டாம் என்பதை எத்தனை மணிக்குள் சொல்லலாம்?" என்று காரியதரிசி கேட்டார்.

சமையல்கார அம்மாள் சிரித்தார். "எட்டரைக்கு உலை வைத்துவிடுவேன், ஐயா. அப்புறம் வேண்டாம் என்றால் சோறு திரும்பி அரிசியாகுமா?"

அந்த ஒரு வாக்கியம் அப்படியே ஏபிஐயின் விதி ஆயிற்று. பழைய ஏபிஐ தவறு நேர்ந்தால் புரியாத ஓர் எண்ணைத் துப்பும். புதியது, "உலை வைத்தாயிற்று, நாளை முதல் நிறுத்தலாம்" என்று சொல்லும்.

மாலைக்குள் துண்டுக் காகிதங்களில் நாலு கேள்விகள் மிஞ்சின. இன்று என்ன சமையல்? எத்தனை காரியர்? இன்று வேண்டாம். காரியர் புறப்பட்டாயிற்றா? மற்றதெல்லாம் 'பிறகு' என்று எழுதிய ஓர் உறைக்குள் போயிற்று. பிறந்த நாள் வாழ்த்தும் அதில்தான்.

மருமகள் அந்த நாலையும் 'ஓப்பன்ஏபிஐ' என்ற முறையில் எழுதினாள். முன்னே 'ஸ்வாகர்' என்று பெயர் பெற்றிருந்து, 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்கீழ் வந்த பொது எழுத்துமுறை அது. அதைக்கொண்டு, உள்ளே சமையலே இல்லாமல் மாதிரிப் பதில் மட்டும் சொல்லும் ஒரு பொம்மை வாசலைச் செய்ய முடியும். குடியிருப்புக்காரர்கள் மட்டும் அதைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் ஒரு குறை தெரிந்தது. ஊருக்குப் போகிறவர்கள் பத்து நாளைக்குச் சேர்த்து 'வேண்டாம்' சொல்ல விரும்புகிறார்கள்! 'எந்தத் தேதி வரை' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. விருப்பமுள்ளவர்கள் நிரப்பலாம், நிரப்பாவிட்டாலும் குற்றமில்லை. காகிதத்தில் இருக்கும்போது இந்தத் திருத்தத்துக்கு ஆன செலவு ஒரு டம்ளர் காபி. பலர் தங்கள் வியாபாரத்தை அந்த வாசலில் கட்டித் தொங்கவிட்ட பிறகு மாற்றுவதென்றால் ஒவ்வொருவர் வீட்டிலும் கொத்தனார் வேலைதான்.

அதன் பிறகே உண்மை வாசல் கட்டப்பட்டது. முதலில் குடியிருப்பு, ஒரு மாதம் கழித்து ஆபீஸ். கழன்றுகொண்ட ஆபீஸ் இன்னும் திரும்பவில்லை. சங்கிலியும் இன்னும் மீளவில்லை. ஏழு பெண்களில் யாரும் வேலை இழக்கவில்லை.

போன ஏகாதசியன்று நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பையன் வந்து காரியர்களை இறக்கினான். தொடாமல் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்கு "வேண்டாம்" சொன்ன ஒருவருடையது. உலை வைத்தாயிற்று என்று அவருக்கும் ஒழுங்காகப் பதில் போயிருந்தது.