எல்லை கடந்த வேகமும் அதன் வெப்பமும்

எந்த யந்திரத்திற்கும் அதனை ஆக்கியோர் ஒரு வேக எல்லையை வகுத்தே வெளியிடுகின்றனர். அஃது இயற்கையின் எல்லையன்று, எச்சரிக்கையின் எல்லை. ஒரே முறையில் ஆக்கப்படும் சிலிக்கன் சில்லுகளுள்ளும் வலியனவும் மெலியனவும் உள. அவற்றுள் மெலிந்ததும் வெப்பமிக்க அறையிற் பல்லாண்டு பிழையின்றி இயங்குமாறு வேகம் குறிக்கப்படும். ஆகவே ஏனையவற்றின் ஆற்றலில் ஒரு பங்கு பயன்படாது கிடக்கும். அதனைக் கைக்கொள்ளும் முயற்சியே மிகைவேகமூட்டல். 1998இல் வெளிவந்த செலறோன் 300ஏ என்னுஞ் சில்லை 300 மெகாஹேட்சிலிருந்து 450இற்கு உயர்த்தியோர் பலராவர்.

கணினித் திரையிற் படங்களை உருவாக்கும் கிறபிக்ஸ் அட்டைக்கும் இது பொருந்தும். 2007இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 8800 ஜீ.ரீ. அட்டையின் சில்லு 600 மெகாஹேட்சில் இயங்குவது. அதாவது, ஒரு துடிப்பிற்கு 1.67 நனோசெக்கன் அவகாசம். மீடிறனைக் கூட்டினால் அவகாசம் குறுகும். கணக்கு முடியுமுன் அடுத்த துடிப்பு வந்துவிடும். திரையிற் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவது இதனாலேயே. உவோற்றளவை உயர்த்தினால் திரான்சிற்றர்கள் விரைந்து மாறும், பிழை நீங்கும்.

ஆயின் அதற்கு விலை உண்டு. சில்லு மாறுதலிற் செலவிடும் வலு, மீடிறனுக்கும் உவோற்றளவின் வர்க்கத்திற்கும் நேர்விகித சமமானது. 600ஐ 700 ஆகவும், 1.1 உவோற்றை 1.2 ஆகவும் உயர்த்துவதாகக் கொள்வோம். வேகம் ஆறிலொரு பங்கே கூடும். வெப்பமோ ஏறத்தாழ 39 சதவீதம் கூடும்.

உவோற்றளவை உயர்த்தும் வழி வியப்பிற்குரியது. அட்டையிலுள்ள சீராக்கி, சில்லுக்குச் செல்லும் உவோற்றளவின் ஒரு பங்கை இரு சிறு தடைகளின் வழியே பெற்றுத் தன்னுள் உள்ள நியம அளவோடு ஒப்பிடும். புவியோடு இணைந்த தடையின் பெறுமானத்தைக் குறைத்தால் அப்பங்கு குறையும். சீராக்கி ஏமாந்து உவோற்றளவைக் கூட்டும். மின்னைத் துண்டித்தபின் அத்தடையின்மேற் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாலே போதும். காரீயம் மின்னைக் கடத்துமாதலின் பக்கத்தே ஒரு சமாந்தர வழி உண்டாகும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களாற் பெயர்பெற்ற இலங்கைக்குக் காரீயத்தின் இப்பயன் சுவையான செய்தியே. கோட்டை அழித்துவிடலாம் என்பது நன்மை. அதன் தடிப்புக்கேற்பப் பெறுமானம் மாறுவது தீமை. பன்மானியால் அளவாது இழுப்பவன் அட்டையை இழக்கத் துணிந்தவனே.

வெப்பத்தை அகற்றுதலில் இடத்தின் இயல்பு குறுக்கிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள பழுகாமத்திற் கச்சான் வீசும் நண்பகலில் அறை 33 பாகை எனக் கொள்வோம். சில்லு அதனினும் 50 பாகை மிகுந்து 83இல் நிற்கட்டும். வெப்பம் 39 சதவீதம் கூடினால் அம்மிகுதி ஏறத்தாழ 70 ஆகும். சில்லு நூறைத் தாண்டும். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் அதே அட்டை 90ஐ எட்டாது. பிறநாட்டார் பெற்ற வேகத்தை இங்கே அப்படியே எதிர்பார்ப்பது தவறு. மிகு வெப்பமும் மின்னோட்டமும் சில்லின் நுண்கம்பிகளிலுள்ள உலோக அணுக்களை மெல்ல இடம்பெயர்ப்பன. அக்கேடு ஒரு நாளிற் புலப்படாது.

பனிக்கட்டியாற் குளிர்விப்போம் எனச் சிலர் எண்ணலாம். 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அட்டை அதனினும் குளிர்ந்தால் நீர் ஒடுங்கிச் சுற்றை நனைக்கும். வாவிக்கரை ஊர்களில் இத்தீங்கு ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது.

ஒரே கணினியை வைத்துப் படிக்கும் மாணவனுக்கு உகந்த வழி வேறு. பழைய அட்டையிற் சில்லுக்கும் வெப்பந்தாங்கிக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருக்கும். செதில்களிடையே தூசி அடைந்திருக்கும். தூசியை அகற்றிப் புதுப்பசை இட்டு, பெரிய விசிறி பொருத்தி, உவோற்றளவைத் தொடாது மீடிறனைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். திரையிற் புள்ளி கண்டவிடத்து ஒருபடி இறங்கவேண்டும். 2012இல் வந்த ஜீபோர்ஸ் ஜீ.ரீ.எக்ஸ். 680 முதலான அட்டைகள், வலுவிலும் வெப்பத்திலும் இடம் இருக்கக் கண்டால் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வன. அவற்றிற்குத் தூசி துடைத்தலே பாதி வேலை.