ஒரே விஞ்ஞான ஆசிரியர், ஆறு தரங்கள்

மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் திறன் 103.5 மெகாவாட். எதிர்க்கரையில், 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம். இரண்டுமே தரம் 6 முதல் 11 வரையான விஞ்ஞானப் பாடத்துக்குள் அடங்குபவை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் ஒன்றாக்கிய பாடம் அது. ஆனால் கற்பிப்பவரின் பட்டம் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தது. விலங்கியல் படித்தவருக்குப் பூநாரையும் கண்டலும் கைவந்தவை. மின்காந்தத் தூண்டலில் தடுமாறினால் அது அவர் குற்றமல்ல. பெரிய பாடசாலையில் பௌதிகவியல் படித்த சக ஆசிரியரிடம் இடைவேளையில் கேட்டுத் தெளிந்துகொள்வார். கரையோரச் சிறு பாடசாலையில் அவர் ஒருவரே விஞ்ஞான ஆசிரியரென்றால், யாரிடம் கேட்பது?

ஆசிரியரின் பாட அறிவு பட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. பாடசாலையின் அளவும் அதை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது என்பதே என் வாதம். தரத்துக்கு நான்கு பிரிவுகள் உள்ள இடத்தில், ஒருமுறை ஆயத்தம் செய்த பாடம் நான்கு வகுப்புகளுக்கு உதவும். முதல் வகுப்பில் சறுக்கிய விளக்கம் நான்காவதில் சீராகிவிடும். ஆறு தரங்களையும் தனியே சுமப்பவர், தரத்துக்கு ஐந்து பாடவேளை என்றாலும், வாரத்தில் முப்பது பாடவேளைகளை ஆறு வெவ்வேறு பாடத்திட்டங்களுக்குப் பகிர வேண்டும். எந்தப் பாடமும் அந்த ஆண்டில் இரண்டாம் முறை வராது. சிறிய வகுப்பில் கவனிப்பு அதிகம் என்பார்கள். உண்மைதான், பிள்ளையின் முகம் ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் தானே தெளியாத ஒன்றை எத்தனை அன்போடு சொன்னாலும் பிள்ளைக்குத் தெளியாது. ஆசிரியர் வழிகாட்டி இருக்கிறதே என்றால், அது எதைக் கற்பிப்பது என்று சொல்லும். மாணவி எழுப்பும் எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்லாது.

அப்படியானால் சிறு பாடசாலைகளை மூடி இணைத்துவிடலாமே என்ற யோசனை கணக்கில் சரி, கரையில் சரியல்ல. அதிகாலையில் வலை இழுக்கும் குடும்பத்தின் பிள்ளை தொலைதூர பஸ்ஸை நம்பியிருக்க நேர்ந்தால், முதலில் நிற்பது பெண்பிள்ளைகளின் படிப்பாகவே இருக்கும். பிள்ளைகளை நகர்த்த வேண்டாம், ஆசிரியர்களை ஒன்றுகூட்டலாம். மன்னார்த் தீவின் பேசாலை, தாழ்வுபாடு, தலைமன்னார் விஞ்ஞான ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்வுகூடத்தில் கூடட்டும். பௌதிகவியல் பாடத்தை ஒருவரும் உயிரியல் பாடத்தை மற்றவரும் எல்லாருக்குமாக ஆயத்தம் செய்யட்டும். வலயக் கல்விப் பணிமனை அந்த நேரத்தைக் கடமை நேரமாகவே கணக்கிட வேண்டும். மாணவர் தொகையை வைத்து ஆளணி வகுக்கும்போது, ஒருவர் தோளில் எத்தனை பாடத்திட்டங்கள் ஏறுகின்றன என்பதையும் எண்ண வேண்டும்.